ஜாதகத்துக்கு வைத்த முத்திரை

டெக்சாஸ் மாநிலம் எனக்குப் பொறியாளர் உரிமம் கொடுத்த செய்தியைப் போனில் சொன்னபோது அப்பா சந்தோஷப்படவில்லை, குழம்பிப்போனார்.

"என்ன வாங்கியிருக்கறயாமா?"

"பி.இ.ங்கப்பா."

"அதைத்தான் கோயமுத்தூர்லயே வாங்கிட்டயே அம்மிணி. மறுக்கா என்னத்துக்கு அதே?"

"இது வேற பி.இ.ங்கப்பா."

தமிழில் சொன்னாலும் எழுதினாலும் இரண்டும் ஒன்றுதான். ஊரில் வாங்கியது B.E. பட்டம். நான் படித்தேன் என்பதற்கு அது சாட்சி. இங்கே வாங்கியது P.E. உரிமம். நான் வரைந்ததை நம்பி ஒருவர் கான்கிரீட் ஊற்றலாம் என்பதற்கு மாநிலம் கொடுக்கும் அனுமதி. அதற்கு உரிமம் பெற்ற பொறியாளர்களிடம் நான்கு வருடம் வேலை பார்க்க வேண்டும், பிறகு எட்டு மணி நேரப் பரீட்சை எழுத வேண்டும். இதையெல்லாம் நான் விளக்க விளக்க அப்பா "ம்" கொட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா கட்டட வேலைக்குக் கம்பி கட்டுகிறவர். அதே கட்டடங்களில் அம்மா சித்தாள். இரண்டு பேருமே பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. எங்கள் வீட்டில் அதை முதலில் மிதித்தது நான்தான். கடைசியில் அப்பாவுக்குப் பிடி கிடைத்தது.

"அப்ப, பிளான்ல கையெழுத்துப் போடற இன்ஜினியரா நீ?"

"ஆமாங்கப்பா."

"அதைய மொதல்ல சொல்றதில்லையா?" என்றார். அப்புறம் போனை வைக்கும்வரை ஒரே சிரிப்பு.

முத்திரை தபாலில் வந்தது. மையில் தோய்த்துக் குத்துவது இல்லை. கையில் பிடித்து அழுத்தும் இரும்புக் கருவி. அதன் வாயில் தாளைக் கொடுத்து அழுத்தினால் நடுவில் ஒரு நட்சத்திரமும் சுற்றிலும் என் பெயரும் உரிம எண்ணும் புடைத்துக்கொண்டு எழும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலும் தெரியும். முதல் வாரம் முழுக்கக் கையில் கிடைத்ததையெல்லாம் அழுத்திப் பார்த்தேன். பழைய செய்தித்தாள், மின்சார பில் வந்த உறை, ஒரு நாள் வெற்றிலைகூட. வெற்றிலையில் நட்சத்திரம் நன்றாகவே விழுந்தது.

அப்போது நாங்கள் ஹூஸ்டனில் இருந்தோம். என் கணவர் ஒரு எண்ணெய்க் கம்பெனியில், இரண்டாயிரமாவது வருடம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் நின்றுபோகாமல் இருக்க நிரல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். எங்களோடு பழகிய தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் இன்ஜினியர்கள். ஆனால் டெக்சாஸ் சட்டம் கறாரானது. உரிமம் இல்லாதவர் வெளியாருக்குக் கொடுக்கும் அட்டையில் ‘இன்ஜினியர்’ என்று போட்டுக்கொள்ள முடியாது. அந்தப் பொங்கலுக்கு எல்லோரும் ஆளுக்கொரு பாத்திரத்தோடு ஒரு வீட்டில் கூடியிருந்தபோது நான் இதை அறிவித்தேன். அடக்கமாக அறிவித்தேன் என்று சொல்ல முடியாது.

"சட்டப்படி பார்த்தா இந்த ரூம்ல நான் ஒருத்திதான் இன்ஜினியர்."

அந்த வீட்டு அங்கிள் தட்டைக் கீழே வைத்தார். "அப்போ நான் இருபது வருஷமா என்ன பண்ணிட்டிருக்கேன்?"

"அத நான் எப்படி அங்கிள் சொல்றது? ஆன்ட்டியக் கேளுங்க."

ஆன்ட்டி சமையலறையிலிருந்தே பதில் சொன்னார். "டிவி பாத்துட்டிருக்கார்."

என் கணவர் தன் விசிட்டிங் கார்டை எடுத்து, ‘சாஃப்ட்வேர் இன்ஜினியர்’ என்பதில் பின்பாதியைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தார். "அப்போ நான் வெறும் சாஃப்ட்வேரா?" என்றார். அன்று முழுக்க அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அந்த ஆன்ட்டியும் அங்கிளும் எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி இருந்தார்கள். ஆன்ட்டி சென்னைக்காரர். யாருக்கு என்ன தேவை என்றாலும் அவரிடம்தான் போவார்கள். அவரும் உடனே இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை எங்கள் கதவைத் தட்டினார். பக்கத்தில் அவருடைய நாத்தனார் மகள் நின்றாள். கல்யாணமாகிப் புதிதாக வந்திருந்தவள். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு.

"இவ நர்சிங் சேரணும்ங்கறாம்மா. இங்க காலேஜ்ல மார்க் ஷீட்டுக்கு சர்ட்டிஃபைட் காப்பி கேக்கறாங்க. சர்ட்டிஃபைட் காப்பின்னா என்ன, அட்டெஸ்டேஷன்தானே? இந்த ஊர்ல கெஜட்டட் ஆபீசருக்கு எங்க போறதுன்னு மண்டைய ஒடச்சுக்கிட்டேன். அப்புறம்தான் ஸ்ட்ரைக் ஆச்சு. நம்ம தெருவுலயே கவர்மெண்ட் சீல வெச்சுக்கிட்டு ஒரு பொண்ணு இருக்காளே."

நான் மறுத்திருக்க வேண்டும். ஏன் மறுக்கவில்லை என்று சொல்ல, பிளஸ் டூ முடித்த கோடைக்குப் போக வேண்டும்.

கல்லூரி விண்ணப்பங்களுக்கு எனக்கு எட்டு செட் அட்டெஸ்ட் செய்த நகல்கள் வேண்டியிருந்தன. எங்களுக்கு எந்த அதிகாரியையும் தெரியாது. பச்சை மையில் கையெழுத்துப் போடத் தகுதியுள்ளவர்களில் எங்களுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தவர் அரசு மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் மட்டும்தான். முதல் நாள் "உன்ன எனக்குத் தெரியாதே, நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது?" என்று திருப்பி அனுப்பினார். இரண்டாம் நாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லவே இல்லை. நான்காம் நாள் முரண்டு பிடித்த ஒரு எருமையின் கயிற்றைப் பிடிக்க ஆள் போதாமல் என்னைக் கூப்பிட்டார். பிடித்தேன். அதற்குப் பிறகு அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. எட்டு செட்டிலும் கையெழுத்துப் போட்டார்.

அதனால் அந்தப் பெண் கோப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றபோது, "உன்னை எனக்குத் தெரியாதே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது மட்டும்தான் காரணம் என்றால் பொய். என் முத்திரையைத் தேடி ஒருவர் வந்திருக்கிறார் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவும் உண்மை.

சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். மூலச் சான்றிதழ்களைக் கேட்டு வாங்கி நகலோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். பச்சைப் பேனா ஒன்று வீட்டில் இருந்தது. ‘உண்மை நகல், மூலத்துடன் சரிபார்க்கப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையை அழுத்தினேன். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"தேங்க்ஸ்க்கா. இவ்ளோ சீக்கிரம் முடியும்னு நெனைக்கல. இதுக்காக ரெண்டு நாள் லீவு போடச் சொல்லியிருந்தேன் அவர்கிட்ட."

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். அதற்கு அடுத்த வாரம் மூன்று பேர். மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, யாரோ ஒருவருடைய ரேஷன் கார்டு. நான் எல்லாவற்றையும் அதே கவனத்தோடு பார்த்தேன். ஒருவருடைய நகலில் கணக்குப் பாடத்தின் மதிப்பெண் மூலத்தைவிடப் பன்னிரண்டு கூடுதலாக இருந்தது.

"இது எப்படிங்க?" என்றேன்.

"ஜெராக்ஸ் சரியா விழல போல."

"விழாம இருந்தா கொறையணும். உங்களோடது ஏறியிருக்கு."

அவர் காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். என் கணவர் அடுத்த வாரம் முழுக்க, "மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்ட், மாட்டு டாக்டரே தேவலை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பத்தொன்பதாவது முத்திரைக்கு வந்தவர் அங்கிள். அவர் கையில் நான்காக மடித்த ஒரு பெரிய வரைபடத் தாள் இருந்தது. மகனுக்கு நியூ ஜெர்சியில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, கம்ப்யூட்டரில் எடுத்த ஜாதகத்தை நம்ப மாட்டேன், பிறந்தபோது எழுதிய நோட்டிலிருந்து அப்படியே கையால் எழுதி அனுப்புங்கள் என்றாராம். அங்கிள் ஸ்கேல் வைத்து, கறுப்பு மையில், ராசிக் கட்டத்தை ஒன்றரை அடிக்கு வரைந்திருந்தார். கோடுகள் அவ்வளவு நேர். இருபது வருடமாக அவர் டிவி மட்டும் பார்க்கவில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் நிச்சயமானது.

"இதுக்கும் ஒண்ணு அழுத்திடும்மா. அந்த ஆள் வாயத் தொறக்கக் கூடாது."

"ஜாதகத்துக்கா அங்கிள்?"

"காப்பிதானே? ஒரிஜினல் இந்தா இருக்கு. செக் பண்ணிக்கோ."

செக் செய்தேன். சூரியன், சந்திரன், செவ்வாய் எல்லாம் நோட்டில் இருந்த கட்டங்களிலேயே இருந்தன. கையெழுத்துப் போட்டு அழுத்தினேன். சிரிப்பு வந்தது. தப்பு என்று தோன்றவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து என் கணவர் என் அலுவலகத்துக்குப் போன் செய்தார். அன்று அவர் வீட்டிலிருந்தார். "கவர்மெண்ட்லேருந்து உனக்கு ஒரு கவர். பின்னாடி பச்சைக் கார்டு ஒட்டியிருந்தது. போஸ்ட்மேன் அதுல கையெழுத்து வாங்கிட்டு அதைப் பிச்சுக்கிட்டுப் போயிட்டான்." நாங்கள் இரண்டு பேருமே கிரீன் கார்டுக்குக் காத்திருந்த காலம் அது. கிரீன் கார்டைக் கொடுக்க வந்தவன் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டானோ என்று ஒரு நிமிடம் எனக்கு உயிரே இல்லை. பிறகுதான் புரிந்தது. பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை இங்கே பச்சை நிறம்.

கடிதம் பொறியாளர் உரிமக் குழுவிடமிருந்து வந்திருந்தது. அந்த நர்சிங் கல்லூரியில் யாரோ, மதிப்பெண் பட்டியலில் பொறியாளர் முத்திரையைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, இது சரிதானா என்று மரியாதையாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். விதி தெளிவாக இருந்தது. நானே செய்த, அல்லது என் மேற்பார்வையில் நடந்த பொறியியல் வேலையில் மட்டுமே முத்திரை வைக்கலாம். மீறினால் கண்டனம், உரிமத்தை நிறுத்தி வைத்தல், ரத்து என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். உரிமம் கிடைத்த நாளிலிருந்து நான் முத்திரை வைத்த எல்லாவற்றின் நகலையும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

அந்த விதி எனக்குத் தெரியாதது அல்ல. பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். ஆனால் அட்டெஸ்டேஷன் அந்த விதிக்குள் வரும் என்று என் மண்டையில் ஏறவே இல்லை. என்னைப் பொறுத்தவரை அது முத்திரை இருக்கிறவர்கள் இல்லாதவர்களுக்குச் செய்ய வேண்டிய காரியம். செய்ய மறுத்தால்தான் தப்பு.

அடுத்த நாள் காலையிலேயே என் முதலாளியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். சின்ன நிறுவனம் அது. அவர் அறுபதைத் தாண்டிய டெக்சாஸ்காரர், அதிகம் பேச மாட்டார். ஒரு கிராமச் சாலைக்கு அடியில் மழைநீர் போக ஒரு சிறுபாலம் வடிவமைத்து முடித்திருந்தேன். நான் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட இருந்த முதல் வேலை. அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பாலத்தின் வரைபடங்களைச் சுருட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். "அவர்கள் முடிவு சொல்லட்டும்," என்றார். அவ்வளவுதான். அந்த நாட்களில் அலமாரி இருந்த பக்கம் நான் திரும்பவே மாட்டேன்.

முத்திரை வைத்த எல்லாவற்றிலும் ஒரு நகல் எடுத்துக் கோப்பில் போட்டிருந்தேன். வீட்டில் அதைப் பிரித்து மேஜையில் பரப்பினோம்.

"பதினெட்டும் ஓக்கே," என்றார் என் கணவர். "புது ஊர், நம்ம வழக்கம், தெரியாம பண்ணிட்டேன்னு சொல்லலாம். இந்த ஜாதகத்த மட்டும் எடுத்துடு. இது எங்க இருக்கு? நியூ ஜெர்சியில ஒரு மாமா பீரோவுல இருக்கு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எல்லாத்தையும் கேட்டிருக்காங்க."

"இது ஒரு டாக்குமெண்டா? பாத்தா சிரிப்பாங்க. சிரிச்சுட்டு லைசன்ச எடுத்துட்டாங்கன்னா? நீயும் என்ன மாதிரி வெறும் பி.இ. ஆயிடுவே."

அவர் கேலியாகத்தான் சொன்னார். எனக்கு அது தைத்தது. இரண்டு நாள் யோசித்தேன். அந்த உரிமம் போனால் மறுபடி வாங்க முடியுமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஆனால் அனுப்பும் கட்டுக்கு மேலே ‘இவை அனைத்தும்’ என்று எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். பதினெட்டை மட்டும் வைத்துவிட்டு அப்படி எழுத என் கை வரவில்லை. பத்தொன்பதைப் பதினெட்டு என்று காட்டுவதற்கும் கணக்கு மதிப்பெண் ஏறிய ஜெராக்ஸுக்கும் என்ன வித்தியாசம்? ஜாதகத்தைக் கடைசியில் வைத்துக் கட்டி அனுப்பினேன். நேரில் வந்து பேசும்படி மாநிலத் தலைநகர் ஆஸ்டினிலிருந்து குழுவின் அழைப்பு வந்தது.

ஆன்ட்டியும் வந்தார். வர வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம்.

"நான்தானே கேட்டேன்? நான் வந்து சொல்றேன், தப்பு என்னோடதுன்னு."

"உள்ள விட மாட்டாங்க ஆன்ட்டி."

"வெளிய உக்காந்துக்கறேன். புளியோதரை யார் கட்டுவா உனக்கு?"

ஏப்ரல் நடுப்பகுதி. ஆஸ்டின் போகும் சாலையின் இரண்டு பக்கமும் நீலப் பூக்கள் போர்வை விரித்தாற்போல் கிடந்தன. வருடத்தில் மூன்று வாரம்தான் அவை பூக்கும். பாதி வழியில் ஆன்ட்டி காரை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் குழந்தைகளை அதில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"போயி உக்காரும்மா. ஒரு போட்டோ."

"ஆன்ட்டி, நான் விசாரணைக்குப் போயிட்டிருக்கேன்."

"தெரியும்மா. லைசன்ஸ் போனாலும் போட்டோவாவது இருக்கட்டும்."

கோட்டும் பேண்ட்டுமாக, பூக்களுக்கு நடுவே, முகத்தில் பீதியோடு நான் உட்கார்ந்திருக்கும் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. கொஞ்சம் சிரிக்கவும் செய்கிறேன். என் கணவர் கேமராவுக்குப் பின்னால் எருமை மாதிரி கத்திக்காட்டினார்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் வயதான பொறியாளர்கள். மூன்றாவது பெண்மணி பொறியாளர் இல்லை, பொதுமக்கள் சார்பில் குழுவில் இருந்த பள்ளி ஆசிரியை. பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான், நான் தமிழில் எழுதுகிறேன். தலைவராக இருந்த பொறியாளர் மதிப்பெண் பட்டியல்களை ஓரமாக நகர்த்திவிட்டு, ஜாதகத்தை மேஜையில் விரித்தார். மூலைகளில் காகித எடைகளை வைத்தார்.

"நான் முதலில் கேட்க நினைப்பது இதைப் பற்றி. இந்தக் கட்டடம் எந்த ஊரில் இருக்கிறது?"

நான் தாளை எட்டிப் பார்த்தேன். அவர் தொடர்ந்தார்.

"நேற்று முழுக்க இதைப் பார்த்தேன். பன்னிரண்டு அறை, நடுவில் முற்றம். அதுவரை சரி. வாசல் எங்கே? அளவுகள் எங்கே? இந்த எழுத்துகள் பாரத்தைக் குறிக்கின்றன என்றால், இந்த ஒரே அறையில் நான்கு பாரம். எதிர்ப்பக்கம் மூன்று அறை காலி. இப்படி ஒரு பக்கமாக ஏற்றினால் அஸ்திவாரம் என்ன ஆகும்?"

"சார், அது கட்டடம் இல்லை," என்றேன்.

"பின்னே?"

"ஒரு பையன்."

பிறகு நான் விளக்கினேன். பிறந்த நேரத்தில் எந்தக் கோள் எங்கே இருந்தது என்பதற்கான படம் அது, அதைப் பார்த்துத்தான் கல்யாணம் பேசுவார்கள் என்று. ஆசிரியை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நான்கு பேர் இருக்கும் அறை நல்லதா, கெட்டதா?"

"நல்லது என்று அங்கிள் சொல்கிறார்."

"கல்யாணம் நிச்சயமாகிவிட்டதா?"

"ஆகிவிட்டது மேடம். ஜூனில்."

அவர்தான் முதலில் சிரித்தார். தலைவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கோடுகள் நன்றாக இருக்கின்றன," என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

இரண்டாவது பொறியாளர் சிரிக்கவில்லை. மெலிந்த மனிதர். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"உங்கள் முத்திரையை ஒரு தாளில் பார்க்கிறவர் என்ன நினைத்துக்கொள்ள வேண்டும்?"

"இந்தக் கணக்கை நான் போட்டேன், இடிந்தால் நான் பொறுப்பு என்று."

"அப்படியானால், இந்தக் கல்யாணம் இடிந்தால் நீங்கள் பொறுப்பா?"

பதில் தெரிந்துதான் இருந்தது. "இல்லை சார். அதனால் நான் அதில் முத்திரை வைத்திருக்கக் கூடாது. மற்ற பதினெட்டிலும்."

"அப்புறம் ஏன் வைத்தீர்கள்?"

மாட்டு ஆஸ்பத்திரியில் நின்ற நான்கு நாளைச் சொன்னேன். எருமையைச் சொன்னேன். எட்டு செட்டைச் சொன்னேன். கெஞ்சவில்லை. நான் சரிபார்த்த நகல்களில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை என்பதையும் சொன்னேன். எனக்கு அதில் பெருமை இருந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை. ஆசிரியை, "உங்கள் கணித மதிப்பெண்ணுக்கு ஒரு கால்நடை மருத்துவர் சாட்சியா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

கடைசியில் மெலிந்த மனிதர் ஜாதகத்தைச் சுட்டிக்காட்டினார். "இது எங்களுக்குத் தெரியாது. கல்லூரி அனுப்பியது ஒரே ஒரு பட்டியல்தான். இதை நீங்களாகத்தான் அனுப்பினீர்கள்."

"எல்லாவற்றையும் கேட்டிருந்தீர்கள்."

அவர் குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று தெரியவில்லை.

கிளம்பும்போது ஆசிரியை கதவுவரை வந்தார். இந்த நாட்டில் இதற்கென்றே நோட்டரி என்று ஒருவர் உண்டு, ஒவ்வொரு வங்கியிலும் உட்கார்ந்திருப்பார் என்றார். வெளியே காத்திருந்த ஆன்ட்டியிடம் அதைச் சொன்னேன்.

"அதுக்கு எவ்ளோ படிக்கணுமாம்?"

"படிப்பெல்லாம் வேண்டாமாம். ஃபார்ம் ஃபில் பண்ணிக் குடுத்தாப் போதுமாம். யாரு வேணா ஆகலாம்."

ஆன்ட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீ எதுக்கு எட்டு மணி நேரம் பரீட்சை எழுதினே?"

இரண்டே மாதத்தில் அவர் நோட்டரி ஆனார். சனிக்கிழமை வரிசை நான்கு வீடு தள்ளிப் போனது. அங்கே காபியோடு முறுக்கும் கிடைக்கும் என்று கேள்வி.

முடிவு தபாலில் வர ஐந்து வாரம் ஆயிற்று. உறையைப் பிரிக்காமல் என் கணவரிடம் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார். எழுத்துமூலம் கண்டனம். தபால் வழியில் தொழில் நெறிமுறைப் பாடம் ஒன்றைப் படித்து முடிக்க வேண்டும். குழுவின் இதழில் பெயர் வெளியாகும். "அப்புறம்?" என்றேன். "அவ்ளோதான். லைசன்ஸ் உன்கிட்டயே இருக்கு. நான்தான் இன்னும் வெறும் சாஃப்ட்வேர்." நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து வீடு முழுக்கப் பெருக்கினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

அந்த இதழை டெக்சாஸ் பொறியாளர்கள் எல்லோரும் பின்பக்கத்திலிருந்துதான் படிப்பார்கள். தண்டனை பெற்றவர்களின் பட்டியல் அங்கேதான் இருக்கும். ஒருவர் கட்டடத்தைப் பார்க்காமலே சான்று கொடுத்தவர். இன்னொருவர் தன் முத்திரையை வேறொருவருக்கு இரவல் கொடுத்தவர். அடுத்து என் பெயர், ஊர், ‘பொறியியல் சாராத ஆவணங்களில் முத்திரை வைத்தது.’ அது வந்த அன்று அலுவலகத்தில் என் மேஜையில் ஆறு மீன்பிடி உரிமங்களும் ஒரு நாயின் தடுப்பூசி அட்டையும் கிடந்தன, சரிபார்த்துத் தரும்படி. நாயின் அட்டை முதலாளியுடையது. அதற்கு அடியில் பாலத்தின் வரைபடங்கள் இருந்தன. நான் மதியம்வரை ஒவ்வொரு கணக்கையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அப்பாவிடம் சொன்னேன். அதுவரை எதையும் சொல்லியிருக்கவில்லை. அவர் கோபப்படுவார், அல்லது பயப்படுவார் என்று நினைத்தேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"உன்னையக் கூப்புட்டு உக்கார வெச்சுக் கேட்டாங்களா?"

"ஆமாங்கப்பா. மூணு பேரு."

"இன்ஜினியரைய?"

"ஆமாங்கப்பா."

"அங்க இன்ஜினியரைக் கேக்கறதுக்கு ஆளிருக்குதா?" என்றார். குரலில் சிரிப்பு ஏறிக்கொண்டே வந்தது. "நாப்பது வருசமா நானும் கம்பி கட்டறேன். செவுரு வெடிச்சா மேஸ்திரியக் கூப்புடுவாங்க. எங்களையக் கூப்புடுவாங்க. உங்கம்மாளக்கூட ஒருக்கா கூப்புட்டாங்க, கலவையில மண்ணு சாஸ்தின்னு. கையெழுத்துப் போட்ட ஆள எவனும் கூப்புட்டு நான் பாத்ததில்லை." பிறகு போனிலிருந்து வாயை எடுத்துக் கத்தினார். "ஏய், இங்க வா. இவளைய கவர்மெண்ட்டுல கூப்புட்டுக் கேள்வி கேட்டாங்களாமா."

அம்மா போனை வாங்கினார். "அழுதயா?"

"இல்லீங்கம்மா."

"பின்னே?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"அப்பச் சரி," என்று அம்மா போனை அப்பாவிடமே கொடுத்துவிட்டார்.

"அந்தப் பொஸ்தகத்துல உம்பேரு வந்திருக்குதுன்னயே," என்றார் அப்பா, "அதுல ஒண்ணு அனுப்பி வை."

"திட்டித்தானுங்கப்பா போட்டிருக்காங்க."

"இருக்கட்டும் அம்மிணி. எங்க மேஸ்திரிகிட்டக் காட்டோணும். நெசமாலுமே இன்ஜினியர்தான்னு அப்பத்தான் அவன் நம்புவான்."

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் தபால் நிலையத்துக்குப் போய் அனுப்பினேன். மேஸ்திரிக்குத் தேடும் வேலை வைக்க வேண்டாம் என்று, என் பெயர் இருந்த வரியின் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தேன்.